கையெழுத்துக்கு முன்னால் கணக்கு

எச்.ஆர். அறைக்குக் கூப்பிடுகிறார்கள். மேசையில் ஒரு ராஜினாமாக் கடிதம் தயாராக இருக்கிறது. உங்கள் பெயர், எம்ப்ளாயீ நம்பர், தேதி எல்லாம் அடித்தாகிவிட்டது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. "சார், நீங்களே ரிசைன் பண்ணிட்டா ரெக்கார்ட் கிளீனா இருக்கும். ரிலீவிங் லெட்டர் நாளைக்கே தர்றோம். ரெண்டு மாசச் சம்பளமும் போட்டுடறோம். நாளைக்கு வேற கம்பெனியில கேட்டா நல்லவிதமா சொல்லுவோம்" என்கிறார் எதிரே இருப்பவர். குரலில் கோபம் இல்லை, அக்கறைகூட இருக்கிறது.

அந்தப் பேனாவை எடுக்காதீர்கள். "வீட்டில் கலந்துவிட்டு வருகிறேன், கடிதத்தின் நகல் ஒன்று கொடுங்கள்" என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். ராஜினாமா செய்தவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது. நீங்களாகப் போனதாக எழுதிக் கொடுத்த பிறகு, உங்களை அனுப்பியதற்கு யாரும் ஈடு தர வேண்டியதில்லை. பத்து வருட உழைப்பின் விலை அந்த ஒரு தாளில் மாறிவிடும். அவர்கள் சொல்லும் இரண்டு மாதச் சம்பளம் தாராளமா, அற்பமா என்பது உங்கள் கணக்கு கையில் இருந்தால்தான் தெரியும். அந்தக் கணக்கை வீட்டிலேயே போடும் வழியைத்தான் இந்த அத்தியாயம் சொல்கிறது.

ஒரு ஊதியச் சீட்டை விரித்துப் பார்ப்போம்

ஒரு கற்பனை ஆளை எடுத்துக்கொள்வோம். ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை. மொத்தம் 240 தொழிலாளர்கள். நம் ஆள் அங்கே சி.என்.சி. மெஷின் ஓட்டுகிறார். சேர்ந்து 9 ஆண்டு 7 மாதம் ஆகிறது. மாதச் சம்பளம் 40,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 16,000, வீட்டு வாடகைப்படி 13,000, போக்குவரத்துப்படியும் வேலைச் செலவுப்படியும் சேர்ந்து 11,000.

சம்பளம் 40,000 என்பதால் எல்லா இழப்பீடும் 40,000 மீது வரும் என்று அவர் நினைத்திருப்பார். வராது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 'ஊதியம்' என்பதற்கு ஒரே விளக்கம் தருகின்றன. வாடகைப்படி, போக்குவரத்துப்படி போன்ற சில படிகள் ஊதியத்தில் சேராது. ஆனால் அப்படி ஒதுக்கும் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியத்தில் திரும்பச் சேர்ந்துவிடும். நம் ஆளுக்கு ஒதுக்கிய படிகள் 24,000. பாதி என்பது 20,000. தாண்டிய 4,000 அடிப்படையோடு சேர, ஊதியம் 20,000 ஆகிறது. (பி.எஃப்.பில் கம்பெனி போடும் பங்கும் இந்தக் கணக்கில் வரும். எளிமைக்காக இங்கே விட்டிருக்கிறேன்.) இனி வரும் கணக்கெல்லாம் இந்த 20,000 மீதுதான்.

முதலில் ஆட்குறைப்பு இழப்பீடு. 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தின் 25-எஃப் பிரிவு என்று தொழிற்சங்கக்காரர்கள் மனப்பாடமாகச் சொல்லும் விதி இது. புதிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் அளவு மாறவில்லை. முடிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் ஒரு முழு ஆண்டாக எண்ணப்படும். 9 ஆண்டு 7 மாதம் 10 ஆண்டாகிறது. மாதச் சம்பளக்காரருக்குச் சராசரி என்பது கடைசி மூன்று முழு மாதங்களின் சராசரி. இங்கே 15 நாள் என்பது மாத ஊதியத்தில் சரிபாதி. ஆக 10,000 பெருக்கல் 10, ஒரு லட்சம் ரூபாய்.

அடுத்தது பணிக்கொடை, நாம் சொல்லும் கிராஜுவிட்டி. இதுவும் ஆண்டுக்கு 15 நாள்தான். ஆனால் மாதத்தை 30-ஆல் வகுக்காமல் 26-ஆல் வகுக்க வேண்டும். 20,000-ஐ 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, 10-ஆல் பெருக்கினால் 1,15,385 ரூபாய். இரண்டிலும் அதே 15 நாள் இருந்தும் தொகை ஏன் வேறாக வருகிறது என்று பலர் குழம்புவார்கள். பணிக்கொடைச் சட்டம் வாரவிடுமுறை போக 26 வேலைநாள் கொண்ட மாதத்தை வைத்துக் கணக்கிடுகிறது. அந்த 26 ஆட்குறைப்பு இழப்பீட்டுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2007-இல் சொல்லிவிட்டது. கம்பெனி தரும் தாளில் கிராஜுவிட்டிக்கும் 30-ஆல் வகுத்திருந்தால் உங்களுக்கு நஷ்டம். நம் ஆளுக்கு அந்த ஒரே பிழையில் 15,000 ரூபாய்க்கு மேல் போய்விடும்.

புதிய சட்டத் தொகுப்புகள் வந்ததில் ஒரு கை கொடுத்ததை இன்னொரு கை எடுத்துக்கொண்டது. அடிப்படை 16,000 மீது கணக்கிட்டிருந்தால் பணிக்கொடை 92,308-தான் வந்திருக்கும். இப்போது கூடிவிட்டது. ஆனால் பழைய தொழில் தகராறு சட்டத்தின் 'ஊதியம்' வாடகைப்படி உள்ளிட்ட படிகளையும் உள்ளடக்கியது. அந்தக் கணக்கில் ஆட்குறைப்பு இழப்பீடு இன்னும் பெரிதாக வந்திருக்கும். இந்த மாற்றத்தைப் பற்றிப் பெரிதாக யாரும் பேசவில்லை. பேரம் பேச உட்காரும்போது "மொத்தச் சம்பளத்தின் மீது கணக்கிடுங்கள்" என்று கேட்க இது ஒரு நல்ல காரணம்.

ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும், தராவிட்டால் அதற்கு ஈடாகச் சம்பளம் தர வேண்டும். இதற்கு 40,000 என்று முழுச் சம்பளத்தையே கேளுங்கள். நோட்டீஸ் மாதம் வேலை செய்திருந்தால் அதுதானே வந்திருக்கும். எடுக்காமல் மிச்சமிருக்கும் ஈட்டிய விடுப்பு 22 நாள் என்று வைத்தால், ஊதியக் கணக்கில் சுமார் 17,000. இதுபோக மறுதிறன் பயிற்சி நிதி என்று புதிதாக ஒன்று வந்திருக்கிறது. ஆட்குறைப்பு செய்யப்பட்ட ஒவ்வொரு தொழிலாளிக்காகவும் கம்பெனி 15 நாள் ஊதியத்தை இந்த நிதிக்குக் கட்ட வேண்டும். 45 நாளுக்குள் அது தொழிலாளியின் வங்கிக் கணக்குக்கு வந்து சேர வேண்டும். நம் ஆளுக்கு 10,000. இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாததால் கேட்பதும் இல்லை.

எல்லாம் கூட்டினால் சுமார் 2,82,000 ரூபாய். அந்த வருடத்துக்கான போனஸில் வேலை செய்த மாதங்களுக்குரிய பங்கையும் கேட்க வேண்டும்.

இப்போது "ரெண்டு மாசச் சம்பளம் போட்டுடறோம்" என்பதைத் திரும்பிப் பாருங்கள். 80,000. ராஜினாமா எழுதிக் கொடுத்தாலும் கிராஜுவிட்டியும் விடுப்புப் பணமும் அவருக்கு வந்தே தீர வேண்டியவை. ராஜினாமாவால் இழப்பது ஆட்குறைப்பு இழப்பீடு, நோட்டீஸ் சம்பளம், பயிற்சி நிதி மூன்றும் சேர்ந்த ஒன்றரை லட்சம். ஒன்றரை லட்சத்தை விட்டுக்கொடுத்து 80,000 வாங்கச் சொல்கிறார்கள்.

'பேக்கேஜ்' என்று அச்சிட்டு நீட்டும் தாளிலும் இதே வித்தை நடக்கும். மேலே பெரிய எழுத்தில் நான்கு லட்சம், ஐந்து லட்சம் என்று மொத்தம் இருக்கும். கீழே வரிசையைப் படித்தால் கிராஜுவிட்டி, விடுப்புப் பணம், நிலுவைச் சம்பளம் என்று ஏற்கெனவே உங்களுடையதாக இருப்பவைதான் பாதிக்கு மேல். ஒரு பென்சிலால் அவற்றை அடியுங்கள். மிச்சம் எவ்வளவோ அதுதான் கம்பெனி உங்களுக்குத் தருவது.

பதினைந்து நாள் என்பது தரை

சட்டம் சொல்வது குறைந்தபட்சம். அதற்கு மேல் எவ்வளவு என்பது பேசுகிறவர்களின் பலத்தைப் பொறுத்தது. ஃபோர்டு கம்பெனி 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலைநகர் ஆலையில் 2022 நடுப்பகுதி வரை தொழிலாளர்கள் வேலைநிறுத்தம், பேச்சுவார்த்தை என்று போராடினார்கள். கடைசியில் கிடைத்த தொகை ஆண்டுக்கு 15 நாள் என்ற சட்ட அளவைவிடப் பல மடங்கு. 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை நின்றபோது பெரும்பாலோர் அதற்கு முன்பே விருப்ப ஓய்வுத் திட்டத்தில் பணம் வாங்கிக்கொண்டு வெளியேறியிருந்தார்கள். இரண்டு இடத்திலும் தனி ஆளாக எச்.ஆர். அறையில் உட்கார்ந்தவருக்குக் கிடைக்காத பேர பலம் கூட்டமாகப் பேசியவர்களுக்கு இருந்தது. உங்களோடு இன்னும் நாலு பேருக்கு அதே கடிதம் போயிருந்தால், முதல் வேலையாக அந்த நாலு பேரையும் பிடியுங்கள்.

300 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலை என்றால் ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி வேண்டும். நோட்டீஸும் மூன்று மாதம். பழைய சட்டத்தில் இந்த வரம்பு 100 பேராக இருந்தது. அது கூடியதால் நம் ஆளின் 240 பேர் ஆலை இந்த வேலிக்கு வெளியே போய்விட்டது.

இன்னொரு விதி முக்கியம். ஆட்குறைப்பு செய்யும் அந்தச் சமயத்திலேயே இழப்பீட்டைக் கொடுத்திருக்க வேண்டும். "முதலில் கிளம்புங்கள், பணம் பிறகு வரும்" என்றால் அந்த ஆட்குறைப்பே சட்டப்படி நிற்காது. நிலுவைச் சம்பளம் இரண்டு வேலைநாளுக்குள் வர வேண்டும். கிராஜுவிட்டிக்கு 30 நாள், தாண்டினால் வட்டி உண்டு. "எங்க ஃபுல் அண்ட் ஃபைனல் பாலிசி 45 நாள் சார்" என்பது கம்பெனியின் வசதிக்காக வைத்துக்கொண்ட வழக்கம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

யாருக்கு இது பொருந்தாது

ஆட்குறைப்பு இழப்பீடு 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வருபவருக்கே. குறைந்தது ஓர் ஆண்டு தொடர் சேவை வேண்டும், அதாவது 12 மாதத்தில் 240 நாள். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் வெளியே. மேற்பார்வை வேலை பார்த்து மாதம் 18,000-க்கு மேல் ஊதியம் வாங்குபவரும் வெளியே. ஐ.டி.காரர்கள் "நமக்கெல்லாம் இது கிடையாது" என்று பேசாமல் போய்விடுவது இதனால்தான். ஆனால் தொழில்நுட்ப வேலை செய்பவருக்குச் சம்பள வரம்பு எதுவும் கிடையாது. விசிட்டிங் கார்டில் 'லீட்' என்று போட்டிருப்பதை வைத்து எதுவும் முடிவாகாது. நீங்கள் உண்மையில் என்ன வேலை செய்தீர்கள் என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். நாள் முழுக்கக் கோட் எழுதி, டிக்கெட் மூடி, யாருக்கும் லீவு அனுமதிக்கும் அதிகாரம்கூட இல்லாதவரை மேலாளர் என்று சொல்லிவிட முடியாது.

தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947-இன் 41-ஆம் பிரிவு இன்னொரு கதவு. ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸோ அதற்குரிய சம்பளமோ இல்லாமல் அனுப்பக் கூடாது. மேல்முறையீட்டுக்குக் காலக்கெடு குறுகியது என்பதால் தள்ளிப்போடாமல் ஒரு தொழிலாளர் வழக்கறிஞரைப் பாருங்கள்.

குறிப்பிட்ட கால ஒப்பந்தம் முடிந்து புதுப்பிக்காமல் விட்டால் அது ஆட்குறைப்பு ஆகாது. ஆனால் அப்படி வேலை பார்த்தவருக்கு இப்போது ஓர் ஆண்டு முடிந்தாலே கிராஜுவிட்டி உண்டு. மற்றவர்களுக்கு ஐந்து ஆண்டு. நான்கு ஆண்டு முடிந்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் போதும் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் நம் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஐந்து ஆண்டு நிறைய ஒரு மாதம் இருக்கும்போது அனுப்பப்பட்டவர்கள் இந்தத் தீர்ப்பின் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வரி பிடித்தது திரும்பி வரலாம்

கிராஜுவிட்டியில் 20 லட்சம் வரையும், விடுப்புப் பணத்தில் 25 லட்சம் வரையும் வரி இல்லை. சட்டப்படியான ஆட்குறைப்பு இழப்பீட்டில் 5 லட்சம் வரை வரி இல்லை. நோட்டீஸ் சம்பளத்துக்கும் கம்பெனி விருப்பப்பட்டுத் தரும் கூடுதல் தொகைக்கும் சம்பளம் போலவே வரி உண்டு.

மாதச் சம்பளம் 1,20,000 வாங்கிய ஓர் ஐ.டி.காரருக்குச் செப்டம்பர் கடைசியில் வேலை போகிறது. ஆறு மாதச் சம்பளம் 7,20,000. மூன்று மாதச் சம்பளம் செவரன்ஸ் என்று 3,60,000. மொத்தம் 10,80,000. புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவர் வரி கட்ட வேண்டியதில்லை. ஆனால் கம்பெனி அவர் முழு ஆண்டும் இருப்பார் என்று எண்ணி மாதாமாதம் டி.டி.எஸ். பிடித்திருக்கும். மார்ச்சுக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் அந்தப் பணம் மொத்தமும் ரிட்டர்ன் தாக்கல் செய்ததும் திரும்பி வரும். வேலை போனவர்கள் "வருமானமே இல்லையே, ரிட்டர்ன் எதற்கு" என்று விட்டுவிடுகிறார்கள். அந்த வருடம்தான் கட்டாயம் தாக்கல் செய்ய வேண்டும்.

பிப்ரவரி, மார்ச்சில் பேச்சு நடக்கிறது என்றால், கடைசி வேலை நாளை ஏப்ரல் முதல் வாரத்துக்குத் தள்ள முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முழு ஆண்டுச் சம்பளத்தின் தலையில் இழப்பீடும் ஏறி உட்காராமல் இருக்கும்.

பி.எஃப்.பைக் கடைசியில் தொடுங்கள்

வேலை போன மறுநாளே பி.எஃப். கிளெய்ம் போடச் சொல்லி ஊரே அறிவுரை சொல்லும். முடியும் என்பது வேறு, செய்ய வேண்டும் என்பது வேறு. 2025 அக்டோபரில் பி.எஃப். அமைப்பின் மத்திய அறங்காவலர் குழு எடுத்த முடிவின்படி, வேலை இழந்ததும் 75 சதவீதம் எடுக்கலாம். மிச்சத்துக்கு 12 மாதம் காத்திருக்க வேண்டும். ஓய்வூதியப் பங்கை எடுக்க 36 மாதம்.

எடுக்காமல் வைத்தால் வட்டி ஏறிக்கொண்டிருக்கும். 2024-25-க்கு 8.25 சதவீதம். வேலை விட்ட பிறகு சேரும் வட்டிக்கு வரி உண்டு என்றாலும், அந்த அளவு வட்டி பாதுகாப்பாக வேறெங்கும் எளிதில் கிடைக்காது. ஐந்து ஆண்டு சேவை முடியாமல் எடுத்தால் எடுத்த பணத்துக்கே வரி. முந்தைய கம்பெனிக் கணக்கை மாற்றி இணைத்திருந்தால் அந்த ஆண்டுகளும் சேரும். இணைக்காமல் விட்டவர்கள் முதலில் அதைச் செய்யுங்கள். 10 ஆண்டு சேவை இருந்தால் 58 வயதில் ஓய்வூதியத்துக்கு உரிமை வந்துவிடும். ஓய்வூதியப் பங்கை எடுக்காமல் ஸ்கீம் சர்டிஃபிகேட் வாங்கி வைத்தால் அடுத்த வேலையோடு அந்த ஆண்டுகள் தொடரும்.

சம்பளம் 21,000-க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்தம் போனவர்களுக்கு ஒரு சிறு ஆதரவு உண்டு. அடல் பெயரிலான திட்டத்தில் சராசரி தினக்கூலியில் பாதி, 90 நாள் வரை. ஆலை மூடலாலோ ஆட்குறைப்பாலோ வேலை போனவருக்கு ராஜீவ் காந்தி பெயரிலான திட்டம் இதைவிட நீண்ட காலம் உதவும், மருத்துவமும் தொடரும். இங்கேயும் 'ராஜினாமா' என்று பதிவாகியிருந்தால் கதவு சாத்திக்கொள்ளும். வீட்டுக் கடனோடு விற்கப்படும் வேலையிழப்புக் காப்பீடும் பெரும்பாலும் அப்படித்தான்.

எத்தனை மாதம் தாங்கும்

எவ்வளவு பணம் வரும் என்பதைவிட எந்தத் தேதியில் வரும் என்பது வீட்டுக்கு முக்கியம். நம் ஆளுக்கு முதல் வாரத்தில் இழப்பீடும் நோட்டீஸ் சம்பளமும் விடுப்புப் பணமும் சேர்ந்து ஒன்றரை லட்சம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். கிராஜுவிட்டி ஒரு மாதம் கழித்து. பயிற்சி நிதி ஒன்றரை மாதம் கழித்து. இழுத்தடித்தால் இன்னும் தள்ளும். ஆகவே கிராஜுவிட்டியை நம்பி யாருக்கும் தேதி சொல்லாதீர்கள்.

அவர் வீட்டுச் செலவு மாதம் 36,000. வாடகை 8,500, மளிகை, காய்கறி, பால் 9,500, கேஸ், கரண்ட், போன் 2,000, பள்ளிக் கட்டணமும் வேன் கட்டணமும் மாதத்துக்குப் பிரித்தால் 4,500, பைக் இ.எம்.ஐ. 3,200, ஊரில் அப்பா அம்மாவுக்கு 3,000, பெட்ரோல் 1,800, எல்.ஐ.சி. 1,500, மிச்சம் சில்லறை. உட்கார்ந்து குறைத்தால் 28,000-க்குக் கொண்டுவரலாம். அதற்குக் கீழே போகும் என்று நம்ப வேண்டாம். காகிதத்தில்தான் அப்படிக் குறையும். கையில் வரும் 2,82,000-இல் 30,000-ஐ ஆஸ்பத்திரிக்கு என்று தனியே வைத்தால் மிச்சம் 2,52,000. ஒன்பது மாதம்.

இந்த ஒன்பதில் ஜூன் வந்தால் பள்ளிக் கட்டணம் மொத்தமாக வரும். தீபாவளி வரும். ஆவணியிலும் தையிலும் கல்யாணப் பத்திரிகைகள் வரும், மொய் எழுதாமல் இருக்க முடியாது. மாதச் செலவில் இவை ஒரே நேரத்தில் விழும் பாரம் தென்படாது. காலண்டரை எடுத்து அடுத்த 12 மாதத்தில் இவை விழும் இடங்களைக் குறித்தால் ஒன்பது மாதம் ஏழரை மாதமாகச் சுருங்கும். அதுதான் உண்மையான எண். அந்த எண்ணை மனைவியிடமோ கணவரிடமோ முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். தினமும் டிபன் பாக்ஸோடு கிளம்பிப் போய்ப் பூங்காவில் உட்கார்ந்துவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் செலவு ஒரு ரூபாய்கூடக் குறைந்திருக்காது.

கடன்களில் எதை முதலில் அடைப்பது? கிரெடிட் கார்டு. மினிமம் ட்யூ மட்டும் கட்டிக்கொண்டு போனால் மாதம் மூன்று, மூன்றரை சதவீத வட்டி இந்த இழப்பீட்டைத் தின்றுவிடும். வீட்டுக் கடனை இந்தப் பணத்தால் முன்கூட்டி அடைக்க வேண்டாம். மனசு நிம்மதியாகும், கை வெறுமையாகும். உள்ளே போன பணத்தை வங்கி திருப்பித் தராது. தவணை தவறும் முன்பே கிளைக்குப் போய் வேலை போன கடிதத்தைக் காட்டித் தவணைக் காலத்தை நீட்டித் தர எழுதிக் கேளுங்கள். 90 நாள் நிலுவையானால் வாராக்கடன் என்று முத்திரை விழுந்துவிடும். அதற்குப் பிறகு வங்கி பேசும் தொனியே வேறு. கட்டாயம் கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் வங்கியில் நகையை வையுங்கள். போன் ஆப்பில் ஐந்து நிமிடத்தில் கிடைக்கும் கடனும், தெருக்கோடியில் கிடைக்கும் கந்துவட்டியும் வேண்டவே வேண்டாம்.

கம்பெனி எடுத்திருந்த குடும்ப மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ளலாம். ஏற்கெனவே கழிந்த காத்திருப்புக் காலமும் கணக்கில் வரும். கிளம்பும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். வீட்டில் சர்க்கரை, பி.பி. உள்ள பெற்றோர் இருந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். மாதச் செலவில் நான் வெட்டச் சொல்லாத ஒரே வரி இதுதான்.

மொத்தமாகப் பணம் வந்திருக்கிறது என்ற சேதி எப்படியோ ஊருக்குத் தெரிந்துவிடும். மச்சான் டிராவல்ஸ் தொடங்கலாம் என்பார். பழைய நண்பர் காஞ்சிபுரம் தாண்டி ஒரு மனை காட்டுவார். பத்து வருடம் பிரீமியம் கட்டும் பாலிசியோடு ஏஜென்ட் வருவார். ஆறு மாதத்துக்கு எல்லோருக்கும் ஒரே பதில்: பணம் டெபாசிட்டில் கிடக்கிறது. உண்மையிலேயே அங்கேதான் கிடக்கட்டும், இரண்டு மாதச் செலவு சேமிப்புக் கணக்கில், மிச்சம் மாதம் ஒன்று முதிர்கிற மாதிரிச் சின்னச் சின்ன டெபாசிட்டுகளில்.

கணக்கு ஒத்துவராமல் கம்பெனி குறைத்துக் கொடுத்தால் வாங்காமல் இருக்க வேண்டியதில்லை. 'உரிமைகளை விட்டுக்கொடுக்காமல், எதிர்ப்புடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று ரசீதில் உங்கள் கையெழுத்துக்கு மேலே எழுதிவிட்டு வாங்குங்கள். பிறகு தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு கொடுங்கள். தகராறு எழுப்ப இரண்டு ஆண்டு அவகாசம். அதே ஆலை ஓராண்டுக்குள் மறுபடி ஆள் எடுத்தால் உங்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்பதையும் மனுவில் குறித்து வையுங்கள்.

இதையெல்லாம் நிரூபிக்கத் தாள் வேண்டும். இன்னும் வேலையில் இருப்பவர்கள் இந்த அத்தியாயத்தைப் படிக்கிறீர்கள் என்றால், வேலை நியமனக் கடிதம், சம்பள உயர்வுக் கடிதங்கள், கடைசி 12 மாத ஊதியச் சீட்டு, விடுப்பு இருப்புப் பக்கம், ஃபார்ம் 16 எல்லாவற்றையும் இன்றே உங்கள் சொந்த மெயிலுக்கு எடுத்து வையுங்கள். ஆளை அனுப்பும் நாளில் கம்பெனி லாகின் மதியத்துக்குள் அடைபட்டுவிடும்.